வெறும் வயிறுதானே?

ஒரு சிறு கேள்விக்கு உரிய வேளையில் விடை கூறாமல் இருந்துவிட்ட குறையை நாம் பல ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்து வருகிறோம். அதனை இப்பக்கங்களில் எழுதலாமா, வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினோம். எழுதுவதால் ஒரு குடும்பமாவது எச்சரிக்கை அடையுமானால், நம் தயக்கத்தைவிட அப்பயன் பெரிது எனத் துணிந்தே இன்று எழுத முற்பட்டோம்.

2006-ஆம் ஆண்டு மே மாதம். நம் தங்கையின் கணவர் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றி வந்தார். வயது 44. இரண்டு பிள்ளைகள். சில காலமாகக் குடலிறக்கத்தால் துன்புற்று வந்த அவர், கோடை விடுமுறைக்குள் அறுவை சிகிச்சையை முடித்துக்கொண்டு, பள்ளி திறக்கும் நாளில் வகுப்பில் நிற்க வேண்டும் என்று விரும்பினார். அருகிலிருந்த நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நாள் குறிக்கப்பட்டது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்வார்கள், நினைவு தப்பாது, மறுநாளே எழுந்து நடக்கலாம் என்றார்கள். அஞ்சுவதற்கு எதுவும் இல்லை என்று நாங்கள் அனைவரும் நம்பினோம்.

முந்தின இரவு செவிலி ஒருவர் வந்து, "பத்து மணிக்குமேல் ஒன்றும் கொடுக்கக் கூடாது" என்று கூறிச் சென்றார். ஏன் கூடாது என்று அவர் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளையின் தாயார் தூக்குப் பாத்திரத்தில் இட்லியும் பிளாஸ்கில் காப்பியும் கொண்டு வந்தார். இரவு துணைக்கிருந்த நமக்காகக் கொண்டு வந்தவை அவை. மகனின் முகத்தைப் பார்த்தவுடன் தாயின் மனம் பொறுக்கவில்லை. "ஒன்பது மணி வரைக்கும் பிள்ளை பட்டினியா கிடப்பான்? மரத்துப் போகத்தானே ஊசி போடுகிறார்கள். இரண்டு இட்லி என்ன செய்துவிடும்?" என்றார். இரண்டு இட்லி, ஒரு தம்ளர் காப்பி. "வேண்டாம் அத்தை" என்று ஒரு முறை சொன்னோம். இரண்டாம் முறை சொல்லவில்லை.

ஒன்பது மணி அளவில் மயக்க மருத்துவர் வந்தார். அவரை நாங்கள் கண்டது அதுவே முதல் முறை. வேறொரு மருத்துவமனையில் வேலையை முடித்துவிட்டு விரைந்து வந்தவர். அறுவைக் கூடத்தின் வாசலில், தள்ளுவண்டியில் படுத்திருந்தவரைக் குனிந்து பார்த்து, "வெறும் வயிறுதானே?" என்று கேட்டார். மாப்பிள்ளை ஒரு கணம் நம்மைப் பார்த்தார். இல்லையென்று சொன்னால் சிகிச்சை தள்ளிப் போகும், விடுமுறை வீணாகும், தாயார் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்குவார். அவர் 'ஆம்' என்று தலையசைத்தார். நாம் பக்கத்தில் நின்றோம். வாய் திறக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

பின்னர் நடந்தவற்றைச் சிறிது சிறிதாகவே அறிந்தோம். முதுகில் போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. எனவே முழு மயக்கம் கொடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். மயக்கம் ஏறும் வேளையில் வயிற்றில் இருந்தது மேலே எழும்பி, மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. உறிஞ்சு கருவி வேலை செய்யவில்லை. மற்றொன்றைப் பக்கத்து அறையிலிருந்து கொண்டு வருவதற்குள் சில நிமிடங்கள் கழிந்தன. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். நான்காம் நாள் அவர் இறந்தார்.

வெறும் வயிறு என்று மருத்துவர்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? அன்று நமக்குத் தெரியாத அக்காரணத்தை வாசகர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். விழித்திருக்கும் மனிதனுக்கு ஒரு பருக்கை சோறு தவறிப் புரையேறினாலும், இருமல் அதனை வெளியே தள்ளிவிடும். முழு மயக்கத்தில் அந்தக் காவல் உறங்கிவிடுகிறது. வயிற்றிலுள்ள உணவும், அதைவிடக் கொடிய அமிலமும் தடையின்றி நுரையீரலை அடையக்கூடும். அமெரிக்காவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்பவர் 1946-இல் இதனை விளக்கி எழுதினார். 44,016 பேறுகால நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, அவற்றுள் 66 பேருக்கு மயக்க நிலையில் இவ்வாறு நேர்ந்ததைக் கண்டார். உணவுக் கட்டி மூச்சை அடைப்பது ஒரு வகை. அமிலம் நுரையீரலைப் புண்ணாக்குவது மற்றொரு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார். இக்கால விதிப்படி, எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவுக்குப் பின் 8 மணி நேரமும், எளிய உணவுக்கும் பாலுக்கும் பின் 6 மணி நேரமும், வெறுந்தண்ணீருக்குப் பின் 2 மணி நேரமும் கழிய வேண்டும். பால் கலந்த காப்பி தண்ணீர்க் கணக்கில் சேராது. பாலின் கணக்கிலேயே சேரும். ஊசி போட்டு மரத்துப் போகச் செய்யும் சிகிச்சைக்கும் இதே விதிதான். ஊசி பிடிக்காமற்போனால் முழு மயக்கம் கொடுக்க நேரிடலாம் அல்லவா?

துயரம் நேர்ந்தவுடன் மனம் முதலில் தேடுவது ஆறுதலை அன்று, குற்றவாளியையே. உறவினர்கள் திரண்டார்கள். மருத்துவமனையின் முன்புறக் கண்ணாடிகள் நொறுங்கின. ஏதுமறியாத செவிலிப் பெண்ணொருத்தி அழுதுகொண்டே மாடிப்படியில் ஓடியதை நாம் கண்ணால் கண்டோம். 'கொலை, கொலை' என்று கூவினார்கள். நாமும் அக்கூட்டத்தில் நின்றோம். கூவவில்லை, ஆயினும் தடுக்கவும் இல்லை.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். புகாரைப் பெற்றுக்கொண்டு, பிரேதப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். "மருத்துவர்மீது உடனே வழக்குத் தொடர முடியாது. அரசு மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற்ற பிறகுதான் மேலே செல்லலாம். உச்சநீதிமன்றம் சென்ற ஆண்டு அவ்வாறு கூறியிருக்கிறது" என்றார். எங்களவர்களுக்கு அது மருத்துவர்களுக்கு ஆதரவான சூழ்ச்சியாகத் தோன்றியது. நமக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றோம். முதியவர், நிதானமானவர். அவர் விளக்கியவற்றை, பின்னர் நாம் படித்தறிந்தவற்றோடு சேர்த்து இங்கே சுருக்கித் தருகிறோம்.

மயக்க மருந்தின் வரலாறு தொடங்கிய சில காலத்திற்குள்ளேயே 'யார் பொறுப்பு?' என்ற கேள்வியும் எழுந்துவிட்டது. 1846 அக்டோபர் 16-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் மயக்கத்தைப் பலரறியச் செய்து காட்டினார். மறு ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாமைக் கையாண்டார். 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகிலுள்ள வின்லேட்டன் என்ற ஊரில், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால் விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோபாம் கொடுத்தார்கள். கைக்குட்டையில் ஒரு தேக்கரண்டி அளவு ஊற்றி முகர வைத்தார்கள். சில நிமிடங்களில் அச்சிறுமி இறந்துவிட்டாள். கண் விழிக்க வைக்கும் பொருட்டு, வாயில் தண்ணீரும் பிராந்தியும் ஊற்றினார்களாம். மரண விசாரணை நடந்தது. குளோரோபாமின் விளைவால் இறந்தாள். மருத்துவர்மீது குற்றமில்லை என்று நடுவர் குழு முடிவு கூறியது. குளோரோபாமைப் புகழ்பெறச் செய்த சிம்சனோ, வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியுமே மூச்சை அடைத்தன என்று வாதிட்டார். ஜான் ஸ்னோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் அதனை மறுத்தார். துணியில் ஊற்றி முகர வைக்கையில் உட்செல்லும் மருந்தின் அளவு எவருக்கும் தெரிவதில்லை; அதுவே ஆபத்து என்றார் அவர். மருந்தா, மருந்து கொடுத்த முறையா, பிறகு செய்த உதவியா? அன்று எழுந்த அந்த மூன்று கேள்விகளையே இன்றும் ஒவ்வொரு விசாரணையிலும் கேட்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் துயருற்ற குடும்பத்தின்முன் மூன்று வாசல்கள் இருக்கின்றன என்றார் வழக்கறிஞர்.

முதலாவது குற்ற வழக்கு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது இழைக்கும் கவனக்குறைவுக்கு அதில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் எல்லாத் தவறும் குற்றமாகிவிடாது. 2004-இல் டாக்டர் சுரேஷ் குப்தா வழக்கு உச்சநீதிமன்றத்தின்முன் வந்தது. தில்லியில் மூக்கு அறுவை சிகிச்சையின்போது இறந்த ஒருவரைப் பற்றிய வழக்கு அது. இரத்தம் மூச்சுப்பாதையில் இறங்காமல் காக்கும் தகுந்த அளவுள்ள குழாய் செருகப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு. குற்றவியல் பொறுப்புக்கு வெறும் கவனக்குறைவு போதாது, மிகக் கொடிய கவனக்குறைவு வேண்டும் என்று நீதிமன்றம் கூறி, அவ்வழக்கைத் தள்ளிற்று. 2005 ஆகஸ்டு 5 அன்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் மூன்று நீதிபதிகள் இதனை மேலும் தெளிவாக்கினார்கள். லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு நோயாளிக்கு வைத்த ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது. மற்றொன்று வருவதற்குள் அவர் இறந்தார். இதில் மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. உருளை இல்லாமைக்கு மருத்துவமனை உரிமையியல் சட்டப்படி பொறுப்பாகக் கூடும் என்றது தீர்ப்பு. தகுதியுள்ள மற்றொரு மருத்துவரின் கருத்தின்றி வழக்குத் தொடரலாகாது. மருத்துவரை வழக்கம்போல் எளிதில் கைது செய்யலாகாது என்ற நெறிகளும் அதில் உள்ளன. ஆய்வாளர் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் மருத்துவருக்கு எவ்விதக் கணக்கும் இல்லையா? உண்டு. கூர்மதி படைத்த பேரறிஞரின் திறமையைச் சட்டம் எல்லாரிடமும் எதிர்பார்ப்பதில்லை. அத்துறையில் சராசரித் திறமையும் கவனமும் உள்ள ஒரு மருத்துவர் செய்யக்கூடியதை இவர் செய்தாரா என்றே பார்க்கிறது. இது 1957-இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல். நம் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டது. மேலும், குற்றவியல் வாசல் அறவே மூடப்பட்டதன்று. 1987-இல் இங்கிலாந்தில் கண் அறுவை சிகிச்சையின்போது, நோயாளிக்கு மூச்சளித்த குழாய் கழன்றுவிட்டது. மயக்க மருத்துவர் பல நிமிடங்கள் அதனைக் கண்டுகொள்ளவே இல்லை. நோயாளி பின்னர் இறந்தார். அந்த மருத்துவருக்கு விதித்த தண்டனையை 1994-இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை உறுதி செய்தது. அடோமாக்கோ வழக்கு என்பது அதன் பெயர். மயங்கியவன் தன் நிலையைத் தானே எடுத்துச் சொல்ல இயலாதவன். அவனுக்காக விழித்திருப்பதே அம்மருத்துவரின் முதற்கடமை அல்லவா?

இரண்டாவது வாசல் நுகர்வோர் நீதி. 1995-இல் வி. பி. சாந்தா வழக்கில், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையானால், இலவச நோயாளிக்கும் அந்த உரிமை உண்டு. இங்கே எவரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. இழப்புக்கு ஈடு தேடுவதே நோக்கம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மூன்றாவது வாசல் மருத்துவக் கவுன்சில். ஒழுக்கம் தவறிய மருத்துவரின் பதிவை நிறுத்தி வைக்கவோ நீக்கவோ அதற்கு அதிகாரம் உண்டு.

இவற்றையெல்லாம் விளக்கிவிட்டு, வழக்கறிஞரின் உதவியாளர் தட்டச்சு செய்த மனுவை நம் முன் வைத்தார். குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் நாமும் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். மூன்றாம் வரியில் கண் நின்றது: 'முந்தின இரவு முதல் எதுவும் உண்ணாமல் வெறும் வயிற்றுடன் இருந்தவரை...' பேனா நகரவில்லை.

வீட்டுக்குத் திரும்பி இரண்டு இரவுகள் உறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மருத்துவர் தப்பித்துக்கொள்வார். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கக்கூடியது கிடைக்காமற்போகும். அதைவிடப் பெரிது, எழுபது வயதுத் தாயின் தலையில் மகனின் சாவை ஏற்றி வைப்பதாகும். சொல்லாவிட்டாலோ, பொய்ச் சத்தியம். உணவுத் துணுக்குகள் மூச்சுக்குழலில் இருந்தன என்று மருத்துவக் குறிப்பு கூறுகிறதே என்றபோது, "இராச்சாப்பாடு செரிக்காமல் இருந்தது என்று எழுதிவிட்டால் போயிற்று" என்றார் உறவினர் ஒருவர். கேட்பதற்கு எளிதாகவே இருந்தது.

மூன்றாம் நாள் தங்கையிடம் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டபோது நீங்கள் ஏன் அண்ணா சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை; இன்றும் இல்லை. மறுநாள் காலை அவளே வந்து, "உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். கிடைப்பது கிடைக்கட்டும். இவர் பிள்ளைகளைப் பொய்க்காசில் படிக்க வைக்க வேண்டாம்" என்றாள்.

அத்தையிடம் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ஆனால் முதியவர்களை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும், திண்ணையில் நம் அருகில் வந்து அமர்ந்து, "தம்பி, அந்த இட்லியா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையை முழுவதும் அவர்மீது போடவும் மனம் வரவில்லை. பசிக்குக் கொடுத்தது தாயின் கை. ஏன் கொடுக்கக் கூடாதென்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. தெரிந்தே வாய் மூடி நின்றவர் நாமே என்று கூறினோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றுதான் நாமும் அழுதோம்.

அந்த வாரத்திலேயே யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த மயக்க மருத்துவர், தம் வழக்கறிஞர் தடுத்தும் கேளாமல், மாலை நேரத்தில் தனியே வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றவாறே பேசினார். "முந்தின நாளே நான் வந்து பார்த்திருக்க வேண்டும். 'வெறும் வயிறுதானே?' என்று கேட்டேன். அது கேள்வி அன்று. நான் விரும்பிய பதிலை நானே அவர் வாயில் வைத்தேன். 'கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?' என்று கேட்டிருக்க வேண்டும். உறிஞ்சு கருவி வேலை செய்கிறதா என்று தொடங்குமுன் நான் சோதிக்கவில்லை" என்றார். நாம் நம் பங்கைச் சொன்னோம். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். ஒருவரையொருவர் மன்னித்தோம் என்று அழகாக எழுதிவிட ஆசைதான். அவ்வளவு எளிதில் நடக்கவில்லை. ஆயினும் அன்று முதல் அவரைக் கொலைகாரர் என்று அவ்வீட்டில் எவரும் சொன்னதில்லை.

இட்லியும் காப்பியும் எழுதப்பட்ட மனுவே நுகர்வோர் மன்றத்துக்குச் சென்றது. வழக்கு நிற்காது என்றார்கள் பலர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆணை வந்தது. உணவை மறைத்தது குடும்பத்தின் குறை. கருவியைச் சரிபார்க்காததும், உரிய முறையில் விசாரிக்காததும் மருத்துவமனையின் குறை என்று கண்டு, கேட்ட தொகையில் ஒரு பகுதியை இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் இருவரும் அதனைக் கொண்டு படித்தார்கள். உண்மை வழக்கைக் குறைத்தது, ஆனால் அழித்துவிடவில்லை.

2005-இல் இங்கிலாந்தில் இதற்கு நிகரான ஒரு துயரம் நேர்ந்தது. விமானியான மார்ட்டின் ப்ராமிலி என்பவரின் மனைவி, எளிய அறுவை சிகிச்சையொன்றுக்காக மயக்கம் கொடுக்கப்பட்டபோது, மூச்சுப்பாதையில் குழாய் செலுத்த முடியாமற்போனதால் உயிரிழந்தார். விமான விபத்து நேர்ந்தால் யாரைத் தண்டிப்பது என்பதோடு நில்லாமல், ஏன் நேர்ந்தது, மீண்டும் நேராமல் என்ன செய்வது என்று ஆராய்வது அவரது தொழிலின் வழக்கம். மருத்துவத்திலும் அவ்வாறே செய்யுங்கள் என்று அவர் வேண்டினார். அதற்கென ஓர் அமைப்பையும் தொடங்கி உழைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன் கருவிகளும் மருந்துகளும் சோதிக்கப்பட்டனவா, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி பொருத்தப்பட்டதா, ஒவ்வாமை உண்டா, உணவு மூச்சுப்பாதையில் இறங்கும் அபாயம் உண்டா என்பவை அதில் உள்ளன. புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பின் நேர்ந்த மரணம் 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அதற்கு விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தாளும், கேட்டுப் பதில் பெறும் பழக்கமுமே போதுமானவையாக இருந்தன.

இதைப் படித்துவிட்டு மயக்க மருந்தைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டாம். வலியைத் தாங்குவதே புண்ணியம் என்று எண்ணி அதனை மறுக்கவும் வேண்டாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24 அன்று மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், வலியை நீக்க அம்மருந்தைப் பயன்படுத்துவது அறநெறிக்கு ஏற்றதே என்று விளக்கியிருக்கிறார். அஞ்ச வேண்டியது மருந்தை அன்று, மறைப்பையும் அவசரத்தையுமே.

எனவே அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் அறுவை சிகிச்சை என்றால், முந்தின நாளே மயக்க மருத்துவரைச் சந்திக்க வேண்டும் என்று பணிவோடு கேளுங்கள். கடைசியாக உண்டதும் பருகியதும் எத்தனை மணிக்கு என்பதை ஒளிக்காமல் கூறுங்கள். ஆஸ்துமா, இருதய நோய், சர்க்கரை, உட்கொள்ளும் மாத்திரைகள், ஒவ்வாமை, ஆடும் பல், கட்டிய பல், முன்பு மயக்கம் கொடுத்தபோது நேர்ந்த தொல்லை, குடி, புகை ஆகிய யாவற்றையும் சொல்லுங்கள். மனைவிமுன் சொல்ல வெட்கமானால் தனியே சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பின் கையொப்பமிடுங்கள். சிகிச்சை ஒரு நாள் தள்ளிப் போனால் முணுமுணுக்காதீர்கள். நோயாளிக்கு ஏன் உணவு கூடாதென்பதை வீட்டு முதியவர்களுக்குப் பொறுமையாக விளக்குங்கள்.

துயரம் நேர்ந்துவிட்டால், கல்லை எடுக்காதீர்கள். மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேளுங்கள்; கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் அவற்றைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. பிரேதப் பரிசோதனைக்கு மறுக்காதீர்கள். உண்மை அதன் வழியாகவே வெளிவரும். வழக்குத் தொடர வேண்டுமானால் தயங்காமல் தொடருங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் மனுவின் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கட்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள்முன் படுத்திருப்பவர் அச்சத்தால் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பை நம்பிவிடாதீர்கள். இன்னொரு முறை, வேறு விதமாகக் கேளுங்கள்.

அந்த மருத்துவர் இன்றும் அந்நகரில் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு நம் அண்டை வீட்டுக்காரர் ஒருவரின் மகளுக்கு அவரே மயக்கம் கொடுத்தார். முந்தின மாலையே வந்து, பெண்ணிடமும், தாயிடமும், பாட்டியிடமும் தனித்தனியே, "கடைசியாக என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டாராம். பாட்டி சிறிது கோபித்துக்கொண்டாராம். அதனை அவர்கள் சிரித்துக்கொண்டே நம்மிடம் சொன்னார்கள். நாம் சிரிக்கவில்லை. நம் மாப்பிள்ளையை எண்ணிக்கொண்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.